வாசலை விட்டு நகரக் கூடாது

உங்கள் வீட்டு ஆணுக்கு விரை வீங்கி, காய்ச்சலும் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் கேட்கும் கேள்வி எது? "எவகிட்ட போய்ட்டு வந்த?" என்பதா, "ஒண்ணுக்குப் போகும்போது எரியுதா?" என்பதா? அவசரப்பட்டு நல்ல பிள்ளையாகப் பதில் சொல்ல வேண்டாம். இலோயிலோ நகரில் ஆற்றை ஒட்டிய எங்கள் சந்தில் அத்தனை பேரும் முதல் கேள்வியைத்தான் கேட்டார்கள். இரண்டாவதைக் கேட்க ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. கேள்விக்கு ஆளானவன் சாந்தோ. ஒரே ஒருதரம் கேட்டுவிட்டு உள்ளுக்குள் வெந்தவள் அவன் மனைவி பெலிங்.

சாந்தோ அடகுக் கடைக் காவலாளி. கல்யாணமான புதிதில் கிடைத்த வேலை. அதே கடை, அதே கண்ணாடிக் கதவு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் காவல் ஏஜென்சி கொடுத்த நீளத் துப்பாக்கி. இத்தனை வருடத்தில் அது ஒருதரமும் வெடித்ததில்லை. "இதால சுட்டா குண்டு பின்னாலதான் வரும்" என்பான். கதவைத் திறந்து "காலை வணக்கம், மேடம்" என்று சொல்வதுதான் அவனுடைய உண்மையான வேலை. மீன்காரியும் மேடம், வக்கீலம்மாவும் மேடம். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு வரும் பெண்கள் கதவருகே தயங்குவார்கள். அப்போது சாந்தோ தெருவில் ஏதோ அதிசயம் நடப்பதுபோல எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே கதவைப் பிடித்திருப்பான். யார் எதை அடகு வைத்தார்கள் என்று அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. பெலிங் எத்தனையோ தடவை நோண்டிப் பார்த்தும் வந்ததில்லை.

பெலிங் சந்து முனையில் காலை வேளையில் இஞ்சியும் கோழியும் போட்ட அரிசிக் கஞ்சி விற்பவள். அவன் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை அவள் ஒரு கிண்ணம் ஊற்றுவதற்குள் பேசி முடித்துவிடுவாள்.

காவலாளிக்கு ஒரு சட்டம் உண்டு. மாற்று ஆள் வராமல் வாசலை விட்டு நகரக் கூடாது. காலையில் நின்றால் பொழுது சாய்ந்துதான் இறங்க வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு மாற்று ஆள் வரவேண்டும்; வந்தால் வந்தான், வராவிட்டால் வாசலிலேயே நின்று விழுங்க வேண்டியதுதான். கடைக்குள் கழிப்பறை இருக்கிறது. ஆனால் அதற்குப் பெட்டகம் இருக்கும் அறையைத் தாண்டிப் போக வேண்டும். பெட்டகத்தைக் காக்கிறவன் பெட்டகத்தைத் தாண்டக் கூடாதாம்! திருடனுக்குப் பயந்து ஒரு மனிதனை வைக்கிறார்கள், பிறகு அந்த மனிதனையே திருடனாக நினைக்கிறார்கள். ஒருமுறை பக்கத்து வங்கியின் காவலாளி அவசரத்துக்கு எதிர்ப்புறப் பேக்கரிக்கு ஓடிப் போய் வந்தான். ஏஜென்சியின் மேற்பார்வையாளர் லசெர்னா அன்றே அவன் சீருடையைக் கழற்ற வைத்தார்.

அதனால் வாசல் காவலாளிகள் எல்லோரும் ஒரே உபாயத்தைக் கையாண்டார்கள். தண்ணீர் குடிப்பதில்லை. அந்த வெயிலில், அந்தத் தடித்த சீருடையில். "குடிக்கலன்னா வராது" என்பது அவர்கள் வேதம். மற்ற வேதங்களைப் போலவே அதையும் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

ஐம்பதைத் தாண்டிய பிறகு சாந்தோ குளியலறையில் அதிக நேரம் நிற்க ஆரம்பித்தான். "உள்ளயே குடியேறிட்டியா? வாடகை யாரு குடுக்கறது?" என்று பெலிங் கதவைத் தட்டுவாள். சிறுநீர் மெலிந்து, நின்று நின்று வந்தது. பிறகு எரிச்சல். அதை அவளிடம் அவன் சொல்லவில்லை. எரிகிறது என்று சொல்லும் ஆணைப் பற்றி எங்கள் சந்து என்ன நினைக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

சொல்லாமல் அவன் செய்த காரியம் வேறு. எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைகளில் சிகரெட்டும் சோப்புத் துண்டும் ஒன்றொன்றாகக் கிடைப்பதுபோல கிருமியைக் கொல்லும் கேப்சூலும் ஒன்றொன்றாகக் கிடைக்கும். பல்வலிக்கு ஒன்று. வயிற்றுப்போக்குக்கு ஒன்று. காலில் புண்ணா, கேப்சூலைப் பிரித்துத் தூளை மேலே தூவு. துறைமுகத்துப் பக்க மதுக்கடைகளுக்குப் போகும் ஆண்கள் பெண்ணிடம் போவதற்கு முன்னால் ஒன்று, திரும்பி வந்ததும் ஒன்று விழுங்குவார்கள், அது கவசமாம். சாந்தோ சில கேப்சூல்களை வாங்கி விழுங்கினான். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. நல்லதாகப் போயிற்று என்று நிறுத்திவிட்டு, மிச்சத்தைச் சட்டைப் பையிலேயே மறந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெலிங்குக்காக அரிசி மூட்டை தூக்கிவந்தான். மறுநாள் வலது விரை லேசாக வலித்தது. அதற்கடுத்த நாள் வீங்கியது. வாரம் முடிவதற்குள் வாத்து முட்டை அளவுக்குப் பெருத்து, தொட்டால் சுட்டது. காய்ச்சல் வேறு. கால்களை அகட்டி அகட்டி நடந்து வேலைக்குப் போனான்.

மீன்காரி பேபிங் விடுவாளா? எங்கள் ஊரில் பையன்களுக்கு முன்தோல் நீக்கும் சடங்கு கோடை விடுமுறையில்தான். "நோங் சாந்தோ!" என்று அண்ணன் முறை வைத்தே ஆரம்பித்தாள். "கோடை லீவுல பொடிப்பசங்க வரிசையில நின்னு நீயும் முன்தோல வெட்டிக்கிட்டியா?"

"ஆமா. நாப்பது வருஷம் தாமதமாயிடுச்சு. டாக்டர் கோடாலி எடுத்துட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பெலிங் சிரிக்கவில்லை. அவன் சட்டையில் வேர்வை வட்டமிட்டிருந்ததை அவள் பார்த்தாள். மூட்டை தூக்கினான், குடல் இறங்கிவிட்டது. இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு எதற்கு? எங்கள் சந்தில் ஆணின் விரை வீங்கினால் அது மூட்டை தூக்கி இறங்கிய குடல். அதற்கு வைத்தியம் நீவிவிடுவது. அவளே நீவுகாரர் பாந்தோயைக் கூட்டிவந்தாள். ஊரில் பாதிப் பேருக்குச் சுளுக்கு எடுத்த மனிதர். சந்துக்கே சித்தப்பா.

பாந்தோய் தேங்காயெண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டார். "குடல் இறங்கிருக்கு. மேல ஏத்தி விட்டா ராத்திரி நீ டான்ஸ் ஆடலாம்" என்று சொல்லி அழுத்தி நீவினார்.

சாந்தோ போட்ட சத்தத்தில் சந்து நாய்கள் எல்லாம் எழுந்து குரைத்தன. இரண்டாம் முறை நீவியபோது அவன் சத்தமே போடவில்லை. முகம் வெளிறி, வாந்தி எடுத்தான். பாந்தோய் கையை இழுத்துக்கொண்டார். தன் கணிப்பு தவறு என்று அவர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்கிற வைத்தியர்களை நான் அதிகம் கண்டதில்லை.

"இது குடல் இல்ல. கொதிக்குது" என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கிற குரலில், "இது பொம்பள சீக்கு. என் கை பொய் சொல்லாது."

அன்று சாயங்காலமே பெலிங் துவைக்க எடுத்த சட்டையில் கேப்சூல்கள் கிடைத்தன.

பெலிங்கின் அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். வரும்போது சாக்லேட்டும் துணியும் கொண்டுவருவார். ஒருமுறை நோயும் கொண்டுவந்தார். அம்மா படுத்த படுக்கையானாள். அதன் பிறகு அம்மாவுக்குக் கரு தங்கவே இல்லை. அப்பா அடுத்த கப்பலில் ஏறிவிட்டார். அசிங்கமானவள் என்ற பெயர் மட்டும் அம்மாவோடு வீட்டில் தங்கியது. தண்ணீர்க் குழாயடியில் அம்மா வாளியை வைத்தால் மற்ற பெண்கள் தங்கள் வாளியை நகர்த்துவதைப் பெலிங் சிறுமியாகப் பார்த்திருக்கிறாள். கப்பல்காரனைக் கட்டமாட்டேன் என்று அடம்பிடித்து, ஒரே இடத்தில் நிற்கிற ஆளாகப் பார்த்துத்தான் சாந்தோவைக் கட்டிக்கொண்டாள்.

கேப்சூல்களை அவன் தலையணைப் பக்கம் வைத்தாள். "இது என்ன?"

"மாத்திரை. எரிஞ்சுது, அதான்."

"எங்க போனதால எரிஞ்சுது?"

சாந்தோ கண்ணை மூடிக்கொண்டான். "எங்கயும் போகாததால, பெலிங்."

வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. பேச்சையே தொழிலாக வைத்திருந்தவள் வாயை மூடினாள். அது அவனுக்கு வீக்கத்தைவிட வலித்தது.

காலையில் காய்ச்சல் ஏறி உடம்பு நடுங்கியது. பக்கத்துச் சுகாதார நிலையத்து நர்ஸ் போர்வையை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. எங்கே வீக்கம் என்று கேட்டதுமே, "இதெல்லாம் இங்க இல்ல. அந்த க்ளினிக்குக்குப் போங்க" என்று கையை ஆட்டினாள். அந்த க்ளினிக் என்றால் எல்லோருக்கும் தெரியும். மதுக்கடைப் பெண்கள் வாராவாரம் வந்து சோதனை செய்துகொள்ளும் நகரசபை க்ளினிக். அந்த வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவென்றே சிலர் அந்தத் தெரு வழியாகப் போவதுண்டு.

"நான் தனியாப் போயிக்கறேன்" என்றான் சாந்தோ.

"நானும் வரேன்" என்றாள் பெலிங். அதில் அன்பு எவ்வளவு, கண்காணிப்பு எவ்வளவு என்று அவளுக்கே தெரியவில்லை.

க்ளினிக் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு பெண் கதவருகே வந்தாள். சாந்தோவின் கை தானாக நீண்டு கதவைத் திறந்தது. "காலை வணக்கம், மேடம்." அடுத்தவளுக்கும் திறந்தான். அதற்கடுத்தவளுக்கும். உடம்பெல்லாம் காய்ச்சல், ஆனால் கை நிற்கவில்லை.

"இந்தக் கதவுல நம்மள மேடம்னு சொன்ன மொத ஆளு இவருதாண்டி" என்றாள் ஒருத்தி. பச்சை ரவிக்கை போட்ட இன்னொருத்தி உற்றுப் பார்த்துக் கூவினாள்: "ஐயோ, நம்ம நோங்!"

பெலிங் அவள் எதிரில் போய் நின்றாள். "உனக்கு இவர எப்படித் தெரியும்?"

"அடகுக் கடை நோங்ல? என் தோடு அங்கதான் கெடக்குது. ஒருநாள் மழை கொட்டுச்சு. வாசல் விட்டு வர முடியாதுன்னு குடையை மட்டும் நீட்டினாரு. நாளைக்கி குடு போதும்னாரு. என்ன நோங், இங்கயும் டியூட்டி போட்டுட்டாங்களா?" சிரித்தவள் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்ததும் நிறுத்தினாள். "நாங், இவரு விழுந்துடுவாரு போல இருக்கு. நீங்க முன்னால போங்க. ஏய், வழி விடுங்கடி!"

அம்மாவின் வாளிக்குப் பக்கத்திலிருந்து தங்கள் வாளியை நகர்த்தியவர்கள் நல்ல குடும்பத்துப் பெண்கள். பெலிங்கை நாங், அதாவது அக்கா, என்று கூப்பிட்டு வரிசையில் இடம்விட்டவர்கள் இவர்கள். கற்பு, மானம் என்று மூச்சுக்கு மூச்சு பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

டாக்டர் சொலேதாத் குள்ளமான, நரைத்த பெண்மணி. உள்ளே பெண் டாக்டரைப் பார்த்ததும் சாந்தோ பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "விடுங்க, நான் அடகு எதுவும் கேக்கல" என்றார் அவர். பிறகு பெலிங்கிடம், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. சில கேள்விய தனியாத்தான் கேக்கணும்."

"அவ இருக்கட்டும், டாக்டர்" என்றான் சாந்தோ. "நான் சொல்றத அவளும் கேக்கட்டும்."

வலி திடீரென்று ஒரே பிடியாக வந்ததா, மெல்ல மெல்ல ஏறியதா? முன்பு எரிச்சல் இருந்ததா? சிறுநீர் தாராளமாகப் போகிறதா? சீழ் ஏதாவது? அடிபட்டதா? நீண்ட நாள் இருமல்? அதே குரலில், அதே வேகத்தில், "இந்தக் கொஞ்ச மாசத்துல சம்சாரத்த தவிர வேற யார்கூடயாவது உறவு?"

"இல்ல."

பெலிங் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். நம்பிய குறியும் இல்லை, நம்பாத குறியும் இல்லை. அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஒரு கேள்வியை இப்படியும் கேட்கலாமா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். வலியின் ஊற்று விரையில் இல்லை. அதன் பின்புறத்தில் இருந்தது. உள்தொடையில் விரலால் லேசாகக் கீறினார். விரை சற்று மேலே எழுந்தது. உள்ளங்கையில் ஏந்தித் தூக்கிப் பிடித்தார். சாந்தோவின் மூச்சு கொஞ்சம் இளகியது. "நரம்பு முறுக்கிக்கிட்ட மாதிரி தெரியல. ஆனா கையை மட்டும் நம்ப மாட்டேன். ஸ்கேன் பாத்துடுவோம்" என்றார். சிறுநீர் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனில் அந்தப் பக்கம் ரத்தம் குறையவில்லை, வழக்கத்தைவிடப் பெருகி ஓடியது. முறுக்கிக்கொண்டிருந்தால் ஓட்டமே நின்றிருக்கும். ஸ்கேன் கருவியை அடிவயிற்றில் வைத்துப் பார்த்தபோது, சிறுநீர் கழித்த பிறகும் பையில் நிறையத் தேங்கி நின்றது.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். "விரைக்குப் பின்னால மெல்லிசா ஒரு குழாய் சுருண்டு கெடக்கு. விந்து அங்கதான் தங்கிப் பக்குவமாகுது. அந்தக் குழாய்ல கிருமி ஏறி வீங்கிருக்கு. குடல் இறங்கல. மூட்டை தூக்கினதால வரல."

"கிருமி எங்கேருந்து வந்துச்சு?" பெலிங்தான் கேட்டாள்.

"ரெண்டு வழி. வயசுப் பசங்களுக்கு அநேகமா உடலுறவுல தொத்துற கிருமி. இவர் வயசுல அநேகமா மூத்திரப் பையில இருந்து பின்னால ஏறுற கிருமி. குடல்ல சாதாரணமா இருக்கறதுதான். இவருக்கு புராஸ்டேட் சுரப்பி பெருத்துப் பாதையை நெருக்குது. பை காலியாகறதே இல்ல. அதுக்கு மேல நாள் பூரா தண்ணி குடிக்காம அடக்கி வச்சா, தேங்கின குட்டை மாதிரிதான். அநேகமான்னுதான் சொல்றேன். மூத்திரத்துல என்ன கிருமி வளருதுன்னு பாப்போம்."

ஊசி போட்டார். பத்து நாள் மாத்திரை கொடுத்தார். "நல்லாயிட்டாலும் நிறுத்தக் கூடாது. சுருட்டின துண்டு கீழ வச்சு தூக்கி வைங்க, துணி சுத்தின ஐஸ் வைங்க. யாராவது நீவ வந்தா கையை ஒடிச்சு அனுப்புங்க. எதுக்கும் நீங்களும் ஒரு சோதனை செஞ்சுக்கலாம், நாங். கட்டாயமில்ல."

பெலிங்கின் காது சிவந்தது. ஆனாலும் சோதனைக்குக் கொடுத்தாள்.

சோதனை முடிவு வரும்வரை அவள் அந்த முடிவுத் தாளுக்காகவே மூச்சுவிட்டாள். குடல் கிருமி என்று ஒரு வரி இருந்தால் போதும். அதைச் சந்து முனையில் ஒட்டலாம், பாந்தோயின் நெற்றியிலும் ஒட்டலாம். அவன் குற்றமற்றவன் என்பதை யாராவது மேலிடத்திலிருந்து சொல்ல வேண்டும்.

முடிவு வந்தது. கிருமி எதுவும் வளரவில்லை.

"சிறுநீர்ல சீழ் அணுக்கள் நெறைய இருக்கு. ஆனா என்ன கிருமின்னு தெரியல" என்றார் டாக்டர். "முன்னாடி அரைகுறையா கேப்சூல் சாப்ட்டார்ல? கிருமி சாகற அளவுக்கு அடிக்கல, அது எதுன்னு சோதனைல காட்டிக்குடுக்காத அளவுக்கு மட்டும் அடிச்சிருக்காரு. உறவுல தொத்துற கிருமியும் இல்லன்னு வந்திருக்கு. உங்களுக்கும் இல்ல. ஆனா அந்த மாத்திரை அந்தத் தடயத்தையும் கலைச்சிருக்கலாம். எல்லாம் ஒரு பக்கமாத்தான் சாயுது. ஆனா நூத்துக்கு நூறுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப இவரு போனாரா இல்லையான்னு..."

"அது என் சோதனைல வராது, நாங். ஒண்ணு சொல்றேன். போயிருந்தாலும் மருந்துதான் குடுத்திருப்பேன், உங்களுக்கும் சேத்து. வியாதி தீர்ப்பு இல்ல."

அன்று மத்தியானம் வீட்டில் சாந்தோ மல்லாந்து படுத்திருந்தான். காய்ச்சல் விட்டிருந்தது. பெலிங் ஐஸைத் துணியில் சுற்றி, துண்டைச் சரிசெய்து, அவனுக்கு வலிக்காமல் மெதுவாக வைத்தாள். பல நாள் கழித்து அவனோடு மனம்விட்டுப் பேசினாள்.

"போனேன்னு சொன்னாலும் இந்த ஐஸ நாந்தான் மாத்துவேன். அதனால பயந்துட்டு பொய் சொல்லாத."

"போகல."

"எரியுதுன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்கம்மா கதைய நீதான சொன்ன? எரியுதுன்னு நான் சொன்னா உனக்கு மொதல்ல உங்கப்பா மூஞ்சிதான் ஞாபகம் வரும். எம்மூஞ்சி வராது."

அவள் கையில் ஐஸ் உருகி மணிக்கட்டு வழியாக ஓடியது. யோசித்தாள். தெய்வத்தின் முன் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்களே, அந்த நம்பிக்கை அல்ல அவளுடையது. கண்ணைத் திறந்துகொண்டு ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தாள். குளியலறைக் கதவுக்கு வெளியே தான் காத்துக்கிடந்த நேரங்கள். அவன் வறண்ட உதடு. டாக்டர் சொன்ன குட்டை. பச்சை ரவிக்கைக்காரிக்கு நீட்டிய குடை. எதிர்த்தட்டில் இருந்தவை பாந்தோயின் எண்ணெய்க் கையும் செத்துப்போன அப்பாவும். அப்பாவின் குற்றத்தை இவன் தலையில் எத்தனை காலமாக வைத்திருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பலங்கா" என்று கூப்பிட்டாள். அன்பே என்கிற அந்தச் சொல்லை அவள் சொல்லி வெகுகாலமாகியிருந்தது. "நீ போகல. எனக்குத் தெரியும். தெரியாம ஊமையா இருந்ததுக்கு ரெண்டு திட்டு திட்டிடு."

"நீ ஊமையா இருந்ததே எனக்குப் பாதி மருந்து" என்றான் சாந்தோ. அவள் ஐஸை அவன் வயிற்றில் வைத்தாள்.

வீக்கம் முழுவதும் வடிய வாரக்கணக்கில் ஆனது. புராஸ்டேட்டுக்கும் மாத்திரை ஆரம்பித்தார்கள். அவன் வேலைக்குத் திரும்பிய நாள் பெலிங் கஞ்சிக் கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு, பெரிய கரண்டியும் கையுமாக அடகுக் கடை வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். "நீ ஒண்ணுக்குப் போய்ட்டு வா. அதுவரைக்கும் நான் நிக்கறேன்."

லசெர்னா மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். "நாங், இது என்ன கூத்து? நீங்க காவலாளி இல்ல."

"துப்பாக்கி அவரோடது வெடிக்காது. என் கரண்டி நல்லாவே விழும். எது ஒசத்தி?"

"வாசல விட்டுப் போகக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"மூத்திரம் போகக் கூடாதுன்னு இருக்கா? அந்தச் சட்டத்த எழுதினவன் எத்தன தடவ போய்ட்டு வந்து எழுதினான்? கேட்டுச் சொல்லு, நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

கூட்டம் கூடியது. மோதிரம் மீட்க வந்த பெண்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அவர்களும் லசெர்னாவையே பார்த்தபடி நின்றார்கள். அந்த வாரமே கடையின் மேலாளர் உள்கழிப்பறையைக் காவலாளிக்குத் திறந்துவிட்டார். சாந்தோ இப்போது தண்ணீர் குடிக்கிறான்.

ஒரு கடை. ஒரு வாசல். அந்தத் தெருவிலேயே மற்ற வாசல்களில் இன்னும் அடக்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டு ஆணுக்கோ பையனுக்கோ விரை வலித்தால் நீவ விடாதீர்கள், மிச்ச மாத்திரையைக் கொடுக்காதீர்கள், யாரோடு போனாய் என்று விசாரணை நடத்தாதீர்கள். அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். திடீரென்று வந்த வலியாக இருந்தால், முக்கியமாகச் சிறுவனுக்கு வந்தால், அன்று என்பதும் தாமதம். அந்த மணியிலேயே ஓடுங்கள், முறுக்கிக்கொண்டிருந்தால் சில மணி நேரத்தில் விரை செத்துவிடும். அப்புறம் நாளைக்கு நீங்கள் போகும் வங்கி வாசலிலோ கடை வாசலிலோ ஒருவர் உங்களுக்காகக் கதவைத் திறப்பார். நேராக உள்ளே போய், மேலாளரைக் கூப்பிட்டு, இந்த மனிதர் எங்கே ஒன்றுக்குப் போகிறார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.